வெள்ளிக்கிழமை கைமாற்று

போன மாதம் காலேஜ் மண்டபத்தில் புரபசர் சபாபதியின் படத்தைத் திறந்து வைத்தார்கள். ஆள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, படத்துக்கு மாலை. உயிரோடு இருக்கிறவருக்கு எதற்கு இது என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். விழாவுக்கு டீயும் மசால் வடையும் என் கடையிலிருந்துதான் போயிருந்தன. இல்லாவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை?

சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் மேடையில் பேசினார். ‘இடமாற்று முறை’ என்று கணக்குப் பாடத்தில் ஒன்று இருக்கிறதாம். தமிழ் ஆட்கள் இங்கிலீஷ் கணக்கைச் சிக்கலில்லாமல் படிக்க அதுதான் வழியாம். அதைச் சபாபதி தன் சொந்த மூளையால் கண்டுபிடித்தாராம். எல்லாரும் கை தட்டினார்கள். சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். வெட்கத்தில் இல்லை, அடக்கத்தில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

நான் வடைத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்து இந்த ஜொகூர் பாருவில் கணக்குக்குப் புரபசர் என்று ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் லெட்சுமணன். அவர் படம் எங்கும் கிடையாது. வாழ்நாளில் ஒரு படமாவது பிடித்துக்கொண்டாரா என்பதே சந்தேகம்.

அவர் வந்தது கடலுக்குக் குறுக்கே பாலம் போடாத காலம். சிங்கப்பூரிலிருந்து படகில்தான் வர வேண்டும். மன்னார்குடிப் பக்கத்து ஆள், ஒடிசலான உடம்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. என் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி சும்மா கிடந்தது. அதை உள்வாடகைக்குக் கேட்டார். இரண்டு பேனா வைத்திருக்கிற ஆளை நான் நம்புவதில்லை. ஒன்று எழுதுவதற்கு, இன்னொன்று எதற்கு? ஆனாலும் முன்பணம் கொடுத்தார், சாவியைக் கொடுத்தேன். ‘கணக்குப் பதிவு வகுப்பு’ என்று ஒரு பலகை மாட்டினார்.

அவரிடம் படிக்க வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, மீசை வைத்த ஆட்கள். கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், தோட்டத்து ஆபீசில் எழுதுகிற கிராணி வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள். தம்போயிலிருந்து நடந்து வருவார்கள், செடெனாக்கிலிருந்து ரயிலில் வருவார்கள். ஜொகூரில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து நான் கடையைத் திறக்கிற நேரத்துக்கு மேலே வகுப்பு ஆரம்பிக்கும்.

அவர்களுடைய கஷ்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் கடைகளில் பேரேடு எழுதும்போது இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. இங்கிலீஷ் பேரேட்டில் அப்படியே தலைகீழ். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நம் கடையில் பத்து வருஷம் எழுதிப் பழகிய ஆள் இங்கிலீஷ் கம்பெனிக்கு வேலைக்குப் போனால், புத்தி ஒரு பக்கம் போகும், கை மறுபக்கம் போகும். கணக்கெல்லாம் தெரியும், பக்கம் மட்டும் மாறிப்போகும். துரை ஒரு தடவை பார்ப்பான், இரண்டு தடவை பார்ப்பான், அப்புறம் முட்டாள் என்று வெளியே தள்ளிவிடுவான்.

மற்ற வாத்தியார்கள் ‘உங்க பழக்கம் தப்பு, அதை மறந்துட்டு வாங்க’ என்பார்களாம். லெட்சுமணன் அப்படிச் சொல்லவில்லை. ‘ரெண்டும் சரிதான். ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குக் கையை மாத்தத் தெரியணும், அவ்வளவுதான்’ என்பார். முதலில் கணக்கை நம் முறையில் எழுத வைப்பார். பிறகு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, ‘கைமாத்து!’ என்று ஒரு சத்தம் போடுவார். வலது கை இடது பக்கமும் இடது கை வலது பக்கமும் குறுக்கே போக வேண்டும். அப்படியே உட்கார்ந்து அதே கணக்கை இங்கிலீஷ் முறையில் எழுத வேண்டும். அந்தப் பாடத்துக்கு அவர் வைத்த பெயரே கைமாற்று.

இதெல்லாம் ரொம்பப் பின்னால் மணியம் என்கிற அவர் மாணவன் எனக்குச் சொன்னது. கீழே நின்று ரொட்டி தட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்போது சத்தம் மட்டும்தான் கேட்டது. ‘கைமாத்து!’ என்று அவர் குரல், தடதடவென்று பெஞ்சு நகரும். ‘இன்னொரு கைமாத்து!’ என்பார், மறுபடியும் தடதட. நம் பேச்சில் கைமாற்று என்றால் என்ன? அவசரத்துக்கு ஐந்தோ பத்தோ வாங்கிவிட்டு, ‘அடுத்த வாரம் தர்றேன்’ என்று சொல்வது. ஆக, வாத்தியார் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களிடம் கைநீட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். நீட்டிவிட்டுப் போகட்டும், என் வாடகை வந்துகொண்டிருந்தது. இவ்வளவு கைமாற்று வாங்குகிற மனுஷர் என் கடையில் மட்டும் ஏன் ரொக்கம் வைத்து டீ குடிக்கிறார் என்று ஒரு நாள் யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

வகுப்பு இல்லாத நாட்களில் அவர் கடை கடையாக ஏறி இறங்குவார். செட்டியார் கடை, மரைக்காயர் கடை, சீனத் தவுக்கே முதலாளி கடை, ஒன்றையும் விடமாட்டார். ‘நீங்க கணக்கு எப்படி எழுதுறீங்க, கொஞ்சம் காட்டுங்க’ என்று கேட்பார். வேறு வினை வேண்டுமா? வரி போட வந்த ஆள் என்று பாதிப் பேர் விரட்டினார்கள். மூவாரில் ஒரு கடையில் மேலே தண்ணீரை ஊற்றிவிட்டார்களாம். அந்தக் கதையை என் கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இதெல்லாம் எதுக்கு வாத்தியாரே?” என்றேன்.

“ஆராய்ச்சி, பாய்.”

“ஆராய்ச்சின்னா தண்ணி ஊத்துவாங்களா?”

“ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் பாத்துட்டேன்ல. அவங்களும் இடது பக்கம்தான் வரவு.”

ஒரு நாள் என்னையும் பிடித்துக்கொண்டார். நான் கணக்கு வைத்திருந்தது அரபுத் தமிழில். பேச்சு தமிழ், எழுத்து அரபு. தொண்டியில் மதரஸாவில் இரண்டு வருஷம் படித்த படிப்பு அது. தமிழ் எழுத்து இங்கே வந்து கடைப் பலகைகளைப் பார்த்துக் கூட்டிக்கூட்டிப் படித்தது.

“பாய், உங்க எழுத்து வலது பக்கம்தானே ஆரம்பிக்குது? அப்ப நீங்க வரவை எந்தப் பக்கம் எழுதுவீங்க?”

“உங்களுக்கு எதுக்கு அது?”

“சும்மா சொல்லுங்க பாய். நான் என்ன போலீசா?”

“வலது பக்கம். அதுதானே மொதப் பக்கம்.”

மனுஷர் எழுந்து நின்றுவிட்டார். “அதான்! அதான் பாய்! இடதும் இல்ல, வலதும் இல்ல. மொதப் பக்கம்! இங்க ஆபீசுல அரபு எழுத்துல ஜாவி எழுதுற மலாய்க்காரரும் அப்படித்தான் சொன்னாரு. வர்றதை முன்னாடி உக்கார வைக்கிறோம், போறதைப் பின்னாடி. அது நமக்கு ஒரு மரியாதை. இது தப்பே இல்ல, இது ஒரு முறை!” டீயைக் குடிக்காமலே மாடிக்கு ஓடினார். காசை மட்டும் வைத்துவிட்டு ஓடினார்.

அந்த ஆராய்ச்சி எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகமாக வந்தது. பாலம் திறந்து ரயில் நேராகச் சிங்கப்பூருக்குப் போக ஆரம்பித்த சமயம். அங்கே அச்சடித்து, கட்டாகக் கொண்டுவந்து என் அரிசி மூட்டைக்கு மேலே வைத்தார். அப்போதுதான் மாணவர்கள் பலகையை மாற்றி ‘புரபசர் லெட்சுமணன்’ என்று எழுதினார்கள். அந்தக் காலத்தில் புரபசர் என்று போட்டுக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. சர்க்கஸில் கத்தி விழுங்குகிறவனும் புரபசர்தான், முடி வளர்கிற தைலம் விற்கிறவனும் புரபசர்தான்.

“இந்தப் பட்டம் யாரு குடுத்தது?” என்று கேட்டேன்.

“யாரும் குடுக்கல. பசங்க எழுதிட்டாங்க. அழிச்சா நல்ல பலகை வீணாப் போயிடும் பாய்.”

அந்தப் ‘பசங்களில்’ இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் மணியம். செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு சரி. இங்கிலீஷ் எழுத்தையே புரபசரிடம்தான் பார்த்தான். அவனைக் கிராணியாக ஆக்கிக் காட்டினார். இன்னொருவர்தான் சபாபதி. சிங்கப்பூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் முடித்த சர்டிபிகேட்டு உண்டு. ஆனால் அப்பா கடையில் எழுதிப் பழகிய கை. கம்பெனியில் பக்கம் பக்கமாகத் தப்பு. புரபசரிடம் வந்துதான் கை திருந்தியது, வேலையும் நிலைத்தது. எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசுவார். என்னிடமும் அப்படித்தான். சாப்பாட்டுக் கடைக்காரனிடம் அவ்வளவு இனிப்பாகப் பேசுகிறவரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதுதான் நல்லது.

ரப்பர் விலை ஏறிக் கிடந்த நேரம். ஊர் முதலாளிகள் கையில் பணம் புரண்டது. தமிழர்களுக்கு ஒரு வணிகக் காலேஜ் கட்டுவதென்று சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவர், துணிக்கடை சிக்கந்தர் முதலாளி. செயலாளர், சபாபதி. கட்டடம் எழும்பியது. தலைமைப் பதவிக்கு யார் என்று யாரும் கேட்கவே இல்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

“நாற்காலி உங்களுக்குத்தான்னு ஊரே பேசுது” என்று புரபசரிடம் சொன்னேன்.

“நாற்காலி கெடக்குது பாய். யாரைச் சேத்துக்கணும், எதைச் சொல்லிக் குடுக்கணும்னு கையெழுத்துப் போடுறவன் அதுல உக்காருறவன்தான். இங்கிலீஷ் சர்டிபிகேட்டு இருந்தாத்தான் உள்ளன்னு ஒரு வரி எழுதினாப் போதும், மணியம் மாதிரி ஆளெல்லாம் வாசல்லயே நிக்க வேண்டியதுதான்.”

“சபாபதி அப்படித்தான் எழுதணும்னு சொல்லிட்டிருக்காராமே.”

“சொல்லுவாரு. நான் உக்காந்தா அது நடக்காது.” டம்ளரை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கடை கடையா ஏறுனது, தண்ணி வாங்குனது எல்லாம் இதுக்குத்தான் பாய். வேற எதுவும் எனக்கு வேணாம்.”

அந்த ஆள் எதையோ வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவனுக்கு எது கிடைத்து நான் பார்த்திருக்கிறேன்?

வினை ஒரு சேலையில் வந்தது. மணியத்தின் பெண்சாதி காளியம்மா, தீபாவளிக்குச் சேலை எடுக்கச் சிக்கந்தர் முதலாளி கடைக்குப் போயிருக்கிறாள். விலை குறைந்ததாகவே தேடித் தேடிப் புரட்டினாளாம். முதலாளி கிண்டலாக, “என்ன தங்கச்சி, கிராணி பொண்டாட்டி பாக்குற சேலையா இது?” என்று கேட்டிருக்கிறார். புருஷன் வாராவாரம் ரயிலுக்குச் செலவழிக்கிற ஆத்திரம் அவளுக்கு. “கிராணியாம் கிராணி! வெள்ளிக்கிழமையானா புரபசருகிட்டக் கைமாத்து, கைமாத்துன்னு ஓடிடுறாரு. கையில எனக்கு என்னாங்க நிக்குது?” என்றாள். அவள் பாடத்தைத்தான் சொன்னாள். முதலாளி காதில் அது கடன் என்றுதான் விழுந்தது. சேலையை மடித்துக் கொடுத்துவிட்டு யோசனையில் உட்கார்ந்துவிட்டாராம்.

சங்கக் கூட்டம் புதுக் கட்டடத்தில் நடந்தது. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. டீ கொண்டுபோனது நான். ஆறேழு முதலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் புரபசர் முன்பே கொடுத்தனுப்பிய அவர் புத்தகம் ஒன்று இருந்தது. மேசை புது மேசை. மெருகு கெட்டுவிடும் என்று ஒருவர் சைகை காட்டினார். நான் டம்ளர்களைப் புத்தகங்களின் மேலே வைத்தேன்.

புரபசர் இஸ்திரி போட்ட கோட்டில் வந்தார். சிக்கந்தர் முதலாளி தொண்டையைச் செருமினார்.

“வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். மனசுல வச்சுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை கைமாத்துன்னு ஒண்ணு பேசிக்கிறாங்களே, அது நெசமா?”

புரபசர் முகம் மலர்ந்தது. தன் பாடம் முதலாளி காது வரைக்கும் வந்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷம். “நெசந்தான் முதலாளி. உங்களுக்கே தெரிஞ்சுபோச்சா?”

“தெரிஞ்சுபோச்சு. ரொம்ப நாளாவா?”

“ஜொகூருக்கு வந்த நாளா.”

“எல்லார்கிட்டயுமா?”

“ஒரு ஆளை விட்டதில்ல. புதுசா வர்றவங்ககிட்ட மொத நாளே ஆரம்பிச்சுடுவேன். கொஞ்சம் கூச்சப்படுவாங்க. அப்புறம் பழகிடும்.”

முதலாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், “நம்ம செயலாளர்கிட்ட கூடவா?” என்று கேட்டார்.

“சபாபதிகிட்டயா?” புரபசர் சிரித்தார். “அவருகிட்டத்தான் நெறைய. அவருக்குக் கை லேசுல வராதுங்க. போராடித்தான் வர வச்சேன்.”

யாரோ டீயில் புரையேறி இருமினார்கள்.

“அப்ப, காலேஜுலயும் இது நடக்குமா?” என்றார் சிக்கந்தர் முதலாளி. குரல் மாறியிருந்தது. புரபசருக்கு அது தெரியவில்லை.

“அதுக்குத்தானே முதலாளி இந்தப் பொறுப்பைக் கேக்குறேன்! மாடியில வச்சு எத்தனை பேருகிட்ட செய்ய முடியும்? காலேஜுன்னா பெரிய அளவுல செய்யலாம். வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல. நம்ம ஆளுங்க முன்னேற இதை விட்டா வேற வழியில்ல.”

நான் கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன துணிச்சல் இந்த ஆளுக்கு என்று நினைத்தேன். கடன்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னவரைப் பார்த்ததில்லை.

சிக்கந்தர் முதலாளி சபாபதி பக்கம் திரும்பினார். “செயலாளர், நீங்க அவருகிட்டயே படிச்சவரு. என்ன சொல்றீங்க?”

அந்த அறையில் இரண்டு கைமாற்றும் கலந்துபோனது தெரிந்தவர் சபாபதி ஒருவர்தான். அவர் சுவரைப் பார்த்தார். புதுச் சுவர், பார்க்க ஒன்றுமில்லை. பிறகு சொன்னார்: “அவரு சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்லீங்க.”

புரபசர் அவரை நன்றியோடு பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

புரபசரை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு ஒருவர் வந்து, தலைமைப் பொறுப்புக்குச் சபாபதியை முடிவு செய்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். காரணம் சொல்லவில்லை. கடன் வாங்குகிறீர்கள் என்று ஒரு படித்த மனுஷரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாம். நல்ல கூச்சம்.

புரபசர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்து வந்தார். “முறை பிடிக்கல போல பாய். ரெண்டு முறையும் சரின்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. எங்கயோ நான் சரியா விளக்கல.” அன்றைக்கே உட்கார்ந்து புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுத ஆரம்பித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மணியம் கடைக்கு வந்தான். ஆளே வெந்து போயிருந்தான்.

“ஏன் பாய், அவருக்கு ஏன் கிடைக்கல?”

“உங்ககிட்ட எல்லாம் கைமாத்து வாங்குனா எப்படிக் குடுப்பாங்க?”

“வாங்குனாரா? என்னா வாங்குனாரு?”

“அதான் கைமாத்து. வாரா வாரம் மேல கத்துறாரே. அவரே ஒத்துக்கிட்டாருப்பா, நான் அங்கதான் நின்னேன்.”

மணியம் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு கடை நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் குறுக்கே போட்டுக் காட்டினான். “இதுதான் பாய் கைமாத்து. இதுதான்!” சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கையை எடுக்காமல் அப்படியே நின்றான். கண்ணில் தண்ணீர்.

நாங்கள் இரண்டு பேரும் நேரே சிக்கந்தர் முதலாளி கடைக்குப் போனோம். மணியம் எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும், மலாய்க்காரர் மாதிரி “அலமாக்!” என்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். துணி கிழிக்கிற ஆட்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

“சிரிச்சது போதும் முதலாளி” என்றேன். “அவரைக் கூப்பிட்டு நாற்காலியைக் குடுங்க.”

“அது எப்படி லா? போர்டு எழுதியாச்சு. சிங்கப்பூருக்கெல்லாம் அழைப்பு போயிருச்சு. இப்பப் போயி நாங்க ஒரு வார்த்தை புரியாம முடிவு பண்ணிட்டோம்னு சொல்லச் சொல்றியா?”

“உங்களுக்குப் புரியல, சரி. சபாபதிக்குத் தெரியுமே? அவரு ஏன் வாயைத் தொறக்கல?”

முதலாளி துணியை முழம் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: “அதான் சுப்ஹான், தலைமைக்கு வேண்டிய கொணம். எங்க பேசணும், எங்க பேசக் கூடாதுன்னு தெரியணும். இவருக்குப் பாரு, கணக்குச் சொல்லிக் குடுக்குறவரு பாடத்துக்குக் கைமாத்துன்னா பேரு வைப்பாரு?”

மணியம் சொல்ல மாட்டேன் என்றான். நான்தான் புரபசரிடம் சொன்னேன். மாடியில் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் பேனாவை மூடினார்.

“அப்ப முறை தப்புன்னு அவங்க சொல்லலையா?”

“இல்ல.”

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. திருடன் பட்டம் கட்டாத குறை; இந்த மனுஷர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. “புத்தகத்தைப் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலையா? அந்த மூணாவது அத்தியாயம்…”

எனக்குப் பொய் வராது. வந்திருக்கலாம், அன்றைக்கு. “யாரும் தொறக்கல வாத்தியாரே. மேசை கெட்டுப்போகும்னு அதுமேலதான் டம்ளர் வச்சாங்க. நான்தான் வச்சேன்.”

வந்த வெளிச்சம் போய்விட்டது.

“போய்ச் சத்தம் போடுங்க” என்றேன். “ஊரைக் கூட்டிச் சொல்லுங்க.”

“என்னன்னு பாய்? நான் கடன் கேக்குறவன் இல்லன்னா? அதைச் சொல்ல ஆரம்பிச்சா ஆயுசுக்கும் சொல்லிட்டே இருக்கணும். எதிர்ல வர்றவன் எல்லாம் பையைத் தொட்டுப் பாத்துக்குவான்.”

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. விஷயம் வேடிக்கைக் கதையாக ஊரைச் சுற்றியது. கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் பாதிக் கதைதான் எல்லார் காதிலும் நின்றது. மளிகைக் கடையில் அவர் தலையைக் கண்டால், “என்னா புரபசரே, கைமாத்தா?” என்பார்கள். காலேஜ் திறந்தது. இங்கிலீஷ் சர்டிபிகேட்டு இல்லாதவனுக்கு இடமில்லை என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள். சேர்ந்தவர்களும் கடைக்கார வீட்டு ஆட்கள்தானே, கை தப்பான பக்கம்தான் போயிற்று. சபாபதிக்கு வழி தெரியாதா? அவர்களையும் எழுந்து நிற்க வைத்துக் கையைக் குறுக்கே போட வைத்தார். பெயரை மட்டும் இடமாற்று என்று வைத்துக்கொண்டார். அவர் வகுப்பில் யாருக்கும் குழப்பமில்லை.

பிறகு ரப்பர் விழுந்தது. தோட்டங்களில் கிராணிகளைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வர யாருக்கும் ரயில் காசு இல்லை. மணியத்துக்கு வேலை போய், அவன் மறுபடியும் பால்மரத்துக்கே போனான், பாதிக் கூலிக்கு. ஒரு வெள்ளிக்கிழமை மேலே சத்தமே கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். புரபசர் பலகையைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாலோவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுத வேலை கிடைத்ததாம். இடது பக்கம் வரவு எழுதுகிற கடை. கை மாற்ற வேண்டிய வேலை இல்லை.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். டிக்கெட் வாங்குகிற இடத்தில் அவர் “செடெனாக்” என்றது காதில் விழுந்தது.

“பாலோ எங்க இருக்கு, செடெனாக் எங்க இருக்கு? பாதி வழியில இறங்கி என்ன பண்ணப் போறீங்க?”

“மணியத்தைப் பாத்துட்டு, அங்கேருந்து லாரி ஏதாவது கெடைச்சாப் போயிடுவேன் பாய்.”

கையில் அவ்வளவுதான் இருக்கிறது என்று புரிந்தது. நான் யாருக்கும் கொடுத்து வாங்குகிற ஆள் இல்லை. என் கூடப் பிறந்தவனுக்கே கொடுத்ததில்லை. மடியை அவிழ்த்துக் கையில் வந்ததை எடுத்து நீட்டினேன்.

“புடிங்க. பாலோவுக்கே டிக்கெட் எடுங்க. திருப்பித் தர வேணாம்.”

“திருப்பித் தராம எப்படி பாய் வாங்குறது? நான் என்ன பிச்சையா கேட்டேன்?”

“அப்ப திருப்பித் தாங்க.”

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரித்த மாதிரி இருந்தது. “திருப்பித் தர்றேன்னு சொல்லி வாங்குறதுக்குப் பேரு என்ன, தெரியுமில்ல?”

நான் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

“வாங்கிட்டா, அன்னைக்கு அந்த அறையில நான் சொன்னது அத்தனையும் நெசமாயிடும் பாய்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். செடெனாக்கில் இறங்கி ரப்பர் லாரி ஒன்றில் ஏறிப் போனார் என்று மணியம் பிறகு சொன்னான். பாலோவில் இரண்டு மழைக்காலம் இருந்தார். காய்ச்சலில் போய்விட்டார். கடைக்காரர் நல்லவர், எடுத்து அடக்கம் செய்தாராம். கொடுக்க வேண்டிய பாக்கி யாருக்கும் இல்லை என்று அவரே ஆச்சரியப்பட்டுச் சொன்னாராம்.

படத் திறப்பு விழாவுக்குப் போன டீக்கும் வடைக்கும் எனக்கு இன்னும் காசு வரவில்லை. நேற்று காலேஜுக்குப் போய்க் கேட்டேன். புரபசர் சபாபதி எழுந்து வந்து என் தோளில் கை போட்டு இனிக்க இனிக்கப் பேசினார். அடுத்த வாரம் தருகிறாராம்.